இரண்டு வாசலுக்கும் ஒரே பெயர்

முப்பத்தாறு வயதுவரை பிலோமேனாவுக்கு இரண்டு பேராக வாழ்ந்து பழக்கம். வீட்டுக்குள் பிலோமேனா, வெளியே பிலிஸ். இருவருக்கும் ஒரே தலைமுடி, ஒரே கோட்டு. மற்றபடி ஒருத்தியை ஒருத்திக்கு அவ்வளவாகத் தெரியாது. பிலோமேனா வாய்விட்டுச் சிரிப்பாள். பிலிஸ் சிரிப்பதற்கு முன் அக்கம்பக்கம் பார்ப்பாள். சாயங்காலம் ஒருத்தி வீட்டுக்குள் நுழையும்போது இன்னொருத்தி வாசலிலேயே நின்றுவிடுவாள். மறுநாள் காலையில் பனியில் நனைந்தபடி அதே இடத்தில் காத்திருப்பாள்.

பிலிஸைப் படைத்தது ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை. அந்தக் காலத்தில், இங்கிலாந்தில், எங்கள் பெட்ஃபர்டில் பாதி வகுப்பு செங்கல் சூளைக்கு வந்த இத்தாலிக்காரர்களின் பிள்ளைகள்தான். வருகைப் பெயர்களை வாசித்து முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடுமே என்று அந்த அம்மையார் பயந்திருக்க வேண்டும். அகப்பட்ட பெயரையெல்லாம் வெட்டிச் சுருக்கினார். ஒரு தடவை பெற்றோரைக் கூப்பிட்டனுப்பினார்கள். பிலோமேனாவின் அம்மா அசுந்தா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பிலிஸ் நன்றாகப் படம் வரைகிறாள், பிலிஸுக்கு நல்ல குணம் என்று ஆசிரியை பேசப் பேச, அசுந்தா மரியாதையாகத் தலையாட்டினாள். யாரோ பெற்ற பிள்ளையைப் புகழ்ந்து முடித்துவிட்டு நம் பிள்ளைக்கு வருவார்கள் என்று காத்திருந்தாள். ஆசிரியை எழுந்து கைகொடுத்துவிட்டார். நம்ம பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, என்ன செய்து தொலைத்தாளோ என்று அன்று வீட்டில் பிலோமேனாவுக்குத் திட்டு விழுந்தது. பாராட்டு பிலிஸுக்குப் போனது.

அப்பா டொனாத்தோவுக்கும் இந்தக் கதை உண்டு. இத்தாலியின் மொலீசே மலையிலிருந்து வந்து இறங்கிய அன்றே சூளை மேஸ்திரி அவரை ‘டான்’ ஆக்கிவிட்டார். அவருக்கு அதில் வருத்தமில்லை. சூளையில் வேகிறவன் டான், குளித்துவிட்டு ஒயின் குடிக்கிறவன் டொனாத்தோ, இருவரும் நன்றாகத்தான் பிழைக்கிறார்கள் என்பார். பிலோமேனாவால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் எப்போதும் ஒரு வாசற்படி இருந்தது.

பதினாறு வயதில் முடிதிருத்தும் கடையில் உதவிக்குச் சேர்ந்து, முப்பதில் ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் சொந்தக் கடை போட்டாள். நூலக வேன் ஓட்டுகிற டெரிக் அங்கே முடிவெட்ட வந்தார். வெட்ட வேண்டிய முடி தீர்ந்த பிறகும் வந்தார். கல்யாணம் ஆயிற்று. ஆங்கிலேய மாப்பிள்ளையா என்று டொனாத்தோ இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் மாப்பிள்ளையைத் தக்காளித் தோட்டத்துக்கு மண்வெட்டியோடு கூட்டிப்போனார். எங்கள் ஊரில் அதுதான் சம்மதம்.

கர்ப்பம் அவளுக்குத் தூக்கமாக வந்தது. உட்கார்ந்தால் தூக்கம், நின்றால் பாதித் தூக்கம். வெதுவெதுப்பான தண்ணீரில் வாடிக்கையாளரின் தலையை அலசும்போது அந்தத் தலை எங்கோ மிதந்து போய், விரல்களுக்கு நடுவே நுரை மட்டும் மிஞ்சும். நுரைக்குள்ளிருந்து பெயர்கள் வரும். பையன் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். ஆகவே பையன்களின் பெயர்கள், தொப்பி போட்டுக்கொண்டு, ஈரத் தெருவில் பேருந்துக்கு நிற்பவர்கள்போல் வரிசையாக நிற்கும். ஒவ்வொருவனையும் கூப்பிட்டுப் பார்ப்பாள். வீட்டில் ஏறினால் பள்ளிக்கூடத்தில் இறங்க வேண்டியிருக்கும் பெயர்களே அதிகம்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். பள்ளிக்கூட வாசலில் எந்தப் பெயரோ அதே பெயர் அம்மாவின் மேசையிலும் இருக்க வேண்டும். பிள்ளை ஒரே ஆளாக உள்ளே போய் ஒரே ஆளாக வெளியே வர வேண்டும். இதைக் கேட்டு டெரிக், “நீ ரெண்டு பேரா இருக்கறது எனக்கு நல்லாத்தானே இருக்கு. ஒருத்தி கோவிச்சா இன்னொருத்திகிட்ட பேசலாம்” என்றார். அன்று இரண்டு பேருமே அவரோடு பேசவில்லை.

கடையிலேயே சோதனை நடந்தது. வெள்ளிக்கிழமை வருகிற ஆங்கிலேயப் பெண்கள் முடி உலர்த்தும் கூண்டுக்கடியில் கண்செருகி உட்கார்ந்திருக்கும்போது, தெருவில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் இந்தப் பெயரைக் கூப்பிடுங்கள் என்பாள். அவர்கள் கூச்சத்தோடு ஒரே ஒரு முறை, தபால்காரருக்குத் தொந்தரவாகிவிடுமோ என்கிற குரலில் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை வருகிற இத்தாலிக்காரிகளிடம் அதே பெயரைக் கொடுத்தால் கடைசி உயிரெழுத்தைப் பிடித்து மூன்று வீடு தாண்டி இழுப்பார்கள். ஆக, இவர்கள் விழுங்குவதற்குச் சின்னதாகவும், அவர்கள் இழுப்பதற்கு நீளமாகவும் ஒரு பெயர் வேண்டும். மார்க்கோ நன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாலைக் கடித்து மார்க் ஆக்கிவிடுவார்கள். லூக்கா, லூக் ஆகிவிடுவான். வால் ஒட்டிப் பிறந்த, வெட்ட இடமில்லாத பெயர் எது என்று அவள் யோசித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

செப்டம்பர் தொடக்கத்தில், ஒரு காலை ஊஸ் ஆற்றங்கரையில் நடந்தாள். ஆறு இருக்கும் இடத்தில் மூடுபனி இருந்தது. அன்னங்கள் எதன்மேல் மிதக்கின்றன என்று தெரியவில்லை. மரங்கள் வேர் வரைக்கும் கரைந்திருந்தன. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், சுத்தமான ஆங்கிலேயக் குரல், எழுந்தது. “ப்ரூனோ.” பிறகு இன்னும் நீளமாக, நிறையப் பாசத்தோடு, வெட்கமே இல்லாமல், “ப்ரூனோ…” கடைசி ஓகாரம் தண்ணீர்மேல் போய் எதிர்க்கரையைத் தொட்டுத் திரும்பி வந்தது. இத்தாலிக்காரிகூட இவ்வளவு இழுக்க மாட்டாள். இப்படிக் கூப்பிடப்படுகிற குழந்தை எப்படி இருக்கும் என்று பிலோமேனா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு கிழட்டு நாய் ஓடியது. உடம்பெல்லாம் சேறு, முகமெல்லாம் மகிழ்ச்சி.

“அது நாய்ப் பேரு” என்றார் டெரிக், விஷயத்தைக் கேட்டதும்.

“அந்த அம்மா தன் மகனை அப்படிக் கூப்பிட்டிருப்பாங்களா?”

டெரிக் நியாயமாக யோசித்தார். “மாட்டாங்க. நாங்க நாயைத்தான் அப்படிக் கூப்பிடுவோம்.”

“அப்ப என் பையனையும் அப்படியே கூப்பிடட்டும்.”

ப்ரூனோ முடிவாயிற்று. வயிற்றில் கைவைத்துச் சொல்லிப் பார்த்தாள்; உள்ளே இருந்தவன் ஒரு உதை கொடுத்தான். சம்மதமா மறுப்பா என்று கேட்க வழியில்லை.

அந்த மாதக் கடைசியில் தக்காளிச் சாறு காய்ச்சுகிற ஞாயிறு வந்தது. டொனாத்தோ வீட்டுக் கொல்லையில் பெரிய அண்டா, சுற்றிலும் பாட்டில்கள், ஆவியில் ஆளுக்கு ஆள் தெரியாத சிவந்த மூட்டம். டெரிக்கின் அப்பா கீத்தையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கீத் பேருந்துக் கம்பெனியில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, தேவைக்குமேல் ஒரு சொல் பேசமாட்டார். எல்லாரும் உட்கார்ந்ததும் டொனாத்தோ கண்ணாடித் தம்ளரோடு எழுந்து, ராஜ்ஜியத்தில் பாதியைக் கொடுப்பவரைப்போல அறிவித்தார்: முதல் பையனுக்கு அப்பனைப் பெற்றவரின் பெயர். எங்கள் முறை அது. ஆகவே பிறக்கப்போகிறவன் பெயர் கீத்.

முறை என்னவோ சரிதான். இத்தாலியப் பெயர்கள் இத்தனை தலைமுறை அழியாமல் ஓடுவதே அந்த முறையால்தான். அதே முறை இங்கே ஒரு ஆங்கிலேயரிடம் வந்து முட்டி, மேசையில் இருந்த இத்தாலிக்காரப் பெரியவர்கள் எவராலும் சொல்லவே முடியாத ஒரு பெயரைக் கொண்டுவந்து வைத்திருந்தது. அதன் கடைசியில் இருப்பது, நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவே நீட்டி மெழுகுவத்தியை அணைப்பதுபோல் ஊத வேண்டிய ஆங்கில ஒலி. அசுந்தா அவரைப் பல வருடமாக ‘கீட்டே’ என்றுதான் கூப்பிட்டு வந்தாள். டொனாத்தோ அந்தச் சங்கடமே வேண்டாமென்று வெறும் ‘மிஸ்டர்’ என்று நிறுத்திக்கொள்வார்.

கீத்தின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. “ரொம்பப் பெரிய மனசு, டான்” என்றார். ஆங்கிலேயர்கள் கழுத்தில் கயிறு விழுந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். டொனாத்தோ அதைக் கண்ணீராக எடுத்துக்கொண்டு, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பாத்திரம் கழுவும்போது பிலோமேனா மாமனாரிடம் மெதுவாகக் கேட்டாள். கீத் ஒரு தட்டை வெகுநேரம் துடைத்தார். அந்தப் பெயர் தனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை என்றும், சின்னப் பிள்ளைமேல் அதைச் சுமத்துவது பாவம் என்றும் ஒருவழியாகச் சொன்னார். ஆனால் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அவர் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, அவர் தருவதை வேண்டாம் என்பது எப்படி? “அவர் மனசு நொந்துடும்மா” என்றார்.

அப்பாவிடம் போனாள். டொனாத்தோ அசையவில்லை.

“பப்பா, அவருக்கே அந்தப் பேர் வேண்டாமாம்.”

“உன்கிட்ட சொன்னாரா?”

“சொன்னார்.”

“உன்கிட்ட என்ன வேணா சொல்வார், மனுஷன் மரியாதைக்காரர். பேரு அவர் சொத்து. வேண்டாம்னா என் மேசையில உக்காந்து என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் நான் அதை விடமாட்டேன். அவர் மனசு நொந்துடும்.”

இப்படி, ஒருவர் மனம் நோகக்கூடாதென்று இன்னொருவர் காத்துக்கொண்டிருக்க, யாருக்குமே வேண்டாத பெயர் ஒன்று குழந்தையை நோக்கி நிம்மதியாக வந்துகொண்டிருந்தது.

அப்பாவின் பிடிவாதத்துக்குக் காரணத்தை அசுந்தாதான் மகளுக்குச் சொன்னாள். முதல் பெண்ணுக்கு டொனாத்தோவின் தாய் பஸ்குவலீனாவின் பெயர் வந்திருக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து அசுந்தாவின் அம்மா செத்துப்போனதால், அழுது கேட்டு, அந்த அம்மாவின் பெயரை வைத்துக்கொண்டாள். டொனாத்தோ இரக்கப்பட்டு ஒப்புக்கொண்டார். ஊரில் பஸ்குவலீனா ஒன்றும் சொல்லவில்லை. கோடையில் போனால் பேத்திக்கு அத்திப்பழம் கொடுப்பார், தலை வாரிவிடுவார். பெயரைச் சொல்லி மட்டும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ‘லண்டன்காரி’ என்பார். சாகும்வரை லண்டன்காரிதான். பெயர் கிடைக்காத மனுஷி எப்படி மௌனமாக இருப்பாள் என்று டொனாத்தோ பார்த்திருக்கிறார். கீத் வேறு பிறவியிலேயே மௌனமானவர். அவர் மௌனத்தைப் பார்க்கும்போதெல்லாம் டொனாத்தோவுக்குப் பகீரென்றது.

கீத் மறுப்புச் சொல்லிவிடுவதாக மருமகளுக்கு வாக்குக் கொடுத்தார். அக்டோபரில் அதற்காகவே தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு டொனாத்தோ வீட்டுக்குப் போனார். ஒரு பை குடைமிளகாயோடு திரும்பினார். பிறகு ஒரு முறை போய் ஒரு சரம் பூண்டோடு வந்தார். கிறிஸ்துமஸுக்கு முன் நிச்சயம் என்று போனவர் ஒரு முழ நீளப் பன்றித்தொத்திறைச்சியோடு வந்தார். உலரவைத்த இறைச்சியில் வெள்ளை பூப்பது இயல்பென்று தெரியாமல், கெட்டுவிட்டது என்று நினைத்து, கொட்டகையில் தொங்கவிட்டு, எறியவும் மனமில்லாமல் தினமும் போய்ப் பார்த்துவந்தார். சம்பந்தி அடிக்கடி வருகிறாரே, பெயர் கிடைத்த சந்தோஷம் என்று டொனாத்தோ ஊரெல்லாம் சொன்னார்.

ஜனவரி முடிவில் பையன் பிறந்தான். மணிக்கட்டுப் பட்டையில் அம்மாவின் பெயர்தான் இருந்தது. ஆறு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்த வாரங்கள் பிலோமேனாவுக்குப் பாலும் தூக்கமுமாகக் குழைந்து போயின. சன்னலுக்கு வெளியே பனி தூறியது. தொட்டிலில் கிடந்தவன் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பாதி இங்கே, பாதி அந்தப் பேருந்து வரிசையில். ப்ரூனோ என்று கூப்பிட வாய் வரும். கூப்பிட்டுவிட்டு நாளைக்கு இல்லையென்று ஆகிவிட்டால், இவனும் இரண்டாகிவிடுவானே என்று வாயை மூடிக்கொள்வாள். ஆளுக்கொன்றாக எல்லாரும் அவனை ‘அவன்’, ‘இவன்’, ‘குட்டி’ என்றார்கள். யாரோ வீட்டுப் பொருளைப் பத்திரமாக வைத்திருப்பதுபோல் இருந்தது.

கடைசி ஞாயிறும் வந்தது. மறுநாள் பதிவு அலுவலகம். டொனாத்தோ வீட்டு மேசையில் அத்தனை பேரும். குழந்தை பிலோமேனாவின் தோளில் தூங்கியது. டொனாத்தோ தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் வாய் திறப்பதற்குள், நாற்காலி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. கீத்தும் எழுந்து நின்றிருந்தார். அவர் காதுகள் சிவந்திருந்தன.

“டான், வேண்டாம்” என்றார்.

பேச்சு அதோடு முடிந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் கீத் உட்காரவில்லை.

“வீட்டுல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, நான் ஏதோ தப்பு பண்ணியிருக்கேன்னு அர்த்தம். பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான், டிப்போலயும் அப்படித்தான். டெரிக்கோட அம்மா என்னை டியர்னுதான் சொல்லுவா. பேரைச் சொன்னா அன்னிக்கு சண்டை. சந்தோஷமா யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்ல. அதைப் பையனுக்குக் குடுக்காதீங்க.”

இவ்வளவு நீளமாக அப்பா பேசி டெரிக் பார்த்ததில்லை. அசுந்தா ரொட்டித் துண்டைக் கையில் வைத்தபடியே இருந்தாள். டொனாத்தோ தம்ளரைக் கீழே வைத்தார். கோபிப்பார், தோட்டத்துக்கு எழுந்து போய்விடுவார் என்று பிலோமேனா எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் இருந்தது வேறு: சுமையோடு மலையேறி வந்தவரிடம், இது எங்கள் வீட்டுச் சாமான் இல்லை என்று சொன்னால் வருகிற முகம்.

“அக்டோபர்லேருந்து பழகறேன்” என்றார்.

எதை என்று யாருக்கும் புரியவில்லை.

“சவரம் பண்ற கண்ணாடி முன்னாடி. பேரனைச் சரியாக் கூப்பிடணும் இல்ல? பல்செட்டு ரெண்டு தடவை கழுவுத்தொட்டியில விழுந்துச்சு.” அசுந்தா பக்கம் திரும்பினார். “குளியலறைல யாரோடயோ பேசறேன்னு சந்தேகப்பட்டியே. இதுதான்.”

“சொல்லுங்க பாப்போம்” என்றாள் அசுந்தா.

டொனாத்தோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து, கண்ணை மூடி, மிக மெதுவாக, தூசி தட்டிய பொருளை இரண்டு கையாலும் எடுத்து நீட்டுவதுபோல் சொன்னார்.

“கீத்.”

ஒரு ஆங்கிலேயரும் அதை அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க மாட்டார். கடைசி ஒலி ஒரு சின்னக் காற்றாக மேசைமேல் போனது. கீத் நின்றபடியே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார்.

“இப்படிச் சொன்னா…” என்று இழுத்தார். “அவ்வளவு மோசமாத் தெரியலையே. நடுப் பேராவது வெக்கலாமோ என்னமோ…”

பிலோமேனாவுக்குத் தூக்கம் முழுவதும் அந்த ஒரு நொடியில் தெளிந்தது. ஆறு வாரமாக மிதந்துகொண்டிருந்த அறை, நாற்காலி மேசையெல்லாம் அதனதன் கால்களில் வந்து நின்றது.

“அவர் உங்க மேசையில உங்க முகத்தைப் பாத்தே சொல்லிட்டார். பப்பா, நீங்க வெச்ச நிபந்தனை அதுதானே?”

“அதுதான்” என்றார் டொனாத்தோ, மனமில்லாமல்.

“அப்ப அந்தப் பேர் அவருக்கே. கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டீங்க, அவரையே கூப்பிடுங்க. இவன் ப்ரூனோ. நடுவுல ஒண்ணும் கிடையாது, பின்னால ஒண்ணும் கிடையாது.”

அவள் அதைச் சொல்லும்போது வாய்விட்டுச் சிரித்தாள் என்றும், அக்கம்பக்கம் பார்க்கவில்லை என்றும் டெரிக் பின்னால் சொன்னார். ப்ரூனோ என்பது யார் வழியில் வந்த பெயர் என்று அசுந்தா கேட்டாள். டெரிக் நாயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, மேசைக்கடியில் கால் மிதிபட்டு, ரொட்டியை எடுத்துக் கடித்தார். டொனாத்தோ பெயரை ஒரு முறை இழுத்துப் பார்த்தார்; நன்றாக இழுபட்டது. கீத் ஒரு முறை அடக்கமாகச் சொல்லிப் பார்த்தார், அதுவும் பொருந்தியது. தோளில் கிடந்தவன் எதற்கும் கண் திறக்கவில்லை.

திங்கட்கிழமை பதிவாயிற்று.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டொனாத்தோ தள்ளுவண்டியில் ப்ரூனோவை வைத்து ஆற்றங்கரைக்கு வருவார். எதிர்க்கரைப் பாதையில் கீத் தொப்பியோடு வந்துகொண்டிருப்பார். அரும்பாடுபட்டுக் கற்றதை வீணாக்க மனமில்லாத டொனாத்தோ, இக்கரையில் நின்று, கைகளை வாயில் குவித்து, இங்கிலாந்தில் எவரும் எவரையும் கூப்பிடாத விதத்தில் தண்ணீர்மேல் அவர் பெயரை அனுப்புவார். அந்தப் பெயரின் கடைசியில் இழுக்க உயிரெழுத்து இல்லாததால், நடுவில் உள்ளதையே பிடித்து இழுப்பார். அன்னங்கள் திரும்பிப் பார்க்கும். நடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கீத் மட்டும் திரும்ப மாட்டார். காது மந்தமானவர்போல் இன்னும் நாலடி நடப்பார், இரண்டாம் முறை கூப்பிடட்டும் என்று.